சுமைதாங்கியை இடித்த ஜீப்

1946ஆம் வருஷம் வைகாசி விசாகத்துக்கு முந்தின நாள் காலை பத்து மணி முதல், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரோட்டில் தலைச்சுமையோடு நடந்த ஒருவராலும் சுமையை இறக்கிவைக்க முடியவில்லை. அன்று வானம் வெறிச்சென்று இருந்தது. காற்று வழக்கம்போல் தேரி மணற்குன்றுகளின் சிவப்பு மணலை வாரி ரோட்டில் போட்டது. பதனீர் தாராளமாகக் கிடைத்தது. கொம்மட்டிவிளையிலிருந்து கருப்பட்டி கொண்டுபோன பதினோரு பெண்கள் திருச்செந்தூர்ச் சந்தையில் போய் நின்று, ஒரு கை கொடுங்கள் என்று வியாபாரிகளைக் கூப்பிட்டபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. இரண்டு ஆள் பிடித்துத் தூக்கினார்கள், பிறகு நான்கு ஆள். பனையோலைக் கடகப்பெட்டிகள் சுவரோடு வைத்துக் கட்டிய கல் மாதிரி தலையிலேயே இருந்தன. வியாபாரிகள் வியாபாரிகள்தானே, ஸ்டூல் போட்டு ஏறி நின்று கருப்பட்டியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். பெட்டிகள் காலியாகின. கனம் மட்டும் குறையவில்லை. பதினோரு பேரும் காலிப் பெட்டிகளை நிறைபெட்டிகளாகச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள்.

இது யாரால் வந்தது என்பதில் எங்கள் பக்கத்தில் இரண்டாவது கருத்து கிடையாது. மந்திரமூர்த்தியின் ஜீப்பால் வந்தது. மந்திரமூர்த்தி யுத்தத்தில் பர்மா எல்லை வரை போய் ஜீப் ஓட்டிவிட்டு, இருபத்தேழு வயதில் முழு உடம்போடு ஊர் வந்து சேர்ந்தவன். பட்டாளம் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விட்டபோது ஒன்றை எடுத்துவந்தான். எங்கள் பகுதிக்கு வந்த முதல் ஜீப் அதுதான். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் திருச்செந்தூருக்கு வருகிறவர்களைத் தரிசனம் முடிந்ததும் ஏற்றிக்கொண்டு தேரிக்குப் போவான். மணல்மேட்டில் செங்குத்தாக ஏற்றி, மறுபக்கம் அப்படியே இறக்குவான். அவர்கள் அலறுவார்கள், தலைமுதல் கால்வரை சிவந்துபோய் இறங்குவார்கள், இன்னொரு தடவை போகலாமா என்று கேட்பார்கள். தினமும் சோற்றில் அந்த மணலைக் கடித்துச் சாப்பிடுகிற எங்களுக்கு, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கடைசிவரை விளங்கவில்லை. ஆனாலும் தேரியில் அவன் எப்படி ஓட்டினாலும் யாருக்கும் வழக்கில்லை. தேரிக்குப் போக ரோட்டில் வந்தாக வேண்டுமே, வம்பு அங்கேதான் பிறந்தது.

அந்த ரோட்டுக்கு ஒரு முறை உண்டு. ஜில்லா போர்டு எழுதிவைத்ததல்ல, நடந்த கால்கள் ஏற்படுத்தியது. தலையில் சுமை உள்ளவருக்கு ரோட்டின் நடு. பாரவண்டி அவருக்கு அடுத்தபடி. காலிவண்டி ஓரம் ஒதுங்கும். வெறுங்கையோடு வருகிறவன், அவன் மிராசுதாராகவே இருந்தாலும், மணலில் இறங்கி நிற்பான். மந்திரமூர்த்தி தன் வண்டியில் ஆறு ஆள் பாரம் இருக்கிறது, ஆகவே நடு தனக்குத்தான் என்று வாதித்தான். ஆட்களுக்குக் கால் இருக்கிறது, கருப்பட்டிக்கு இல்லை என்று பெண்கள் பதில் சொன்னார்கள். அவன் ஹாரன் அடிப்பான், அவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். விசாகத்துக்கு முந்தின நாள், தேரி பார்த்துத் திரும்பும் மதுரை ஜவுளிக்கடைக் குடும்பம் ஒன்று வண்டியில் இருந்ததால் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினோரு பெண்களுக்குப் பின்னால் ஒரு பர்லாங் ஊர்ந்தவன், சட்டென்று மணலில் இறக்கி, சீறிக்கொண்டு அவர்களைத் தாண்டி, வளைத்து மறுபடி ரோட்டில் ஏற்றினான். ஏறும் இடத்தில் சுமைதாங்கி நின்றது. இடித்த வேகத்தில் மேற்கல் மூன்று துண்டாகப் போனது. ஜவுளிக்கடைக் குடும்பத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. கைதட்டினார்கள் என்றும் சொல்வதுண்டு.

நட்டுவைத்த இரண்டு கல், குறுக்கே ஒரு கல், ஆள் கழுத்து உயரம். யார் துணையும் இல்லாமல் தலைச்சுமையை அதில் சரித்துவைத்து இளைப்பாறலாம். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோனவளுக்குத்தான் அதை வைப்பார்கள். இறக்க முடியாத சுமையோடு போனவள் அவள். வழியில் போகிறவர்கள் இறக்கிவைக்கிற ஒவ்வொரு சுமைக்கும் அவள் சுமையில் ஒரு துளி குறையும் என்பது கணக்கு. அந்தக் கல் முத்துக்கனிக்கு வைத்தது. 1923இல் நிறைமாதத்தில் வலி கண்டு, அவளைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். துரையின் மோட்டார் வரப்போகிறது என்று ஒரு சேவகன் வண்டியை ரோட்டிலிருந்து மணலில் இறக்கச் சொன்னான். சக்கரம் அச்சுவரை புதைந்தது. இரண்டு மணி நேரம் தள்ளியும் வண்டி ஏறவில்லை, அவள் வண்டிக்குள்ளேயே போய்விட்டாள். துரையின் மோட்டார் அன்று அந்த வழியாக வரவே இல்லை. அவள் புருஷன் அய்யாக்குட்டிக்கு அப்போது இருபத்தேழு வயது. கல்லை வைத்தான், பக்கத்தில் ஓலைக்கடை போட்டு மோரும் வெற்றிலையும் விற்றான், வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் காலையில் கல்லைக் கழுவிவிட்டுத்தான் கடை திறப்பான். இருபத்துமூன்று வருஷம் இப்படிப் போனது, ஊர் அவனை அண்ணாச்சி என்று கூப்பிடும் வயதும் வந்தது.

கல் விழுந்த பிறகு சனங்கள் சமாளித்துக்கொண்டார்கள். சுமையோடு உள்ளே போக வீட்டு நிலைகளை உயர்த்தினார்கள், சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்து தூங்கப் பழகினார்கள். அந்த ரோட்டில் வந்த காளைகளின் நுகத்தடியும் கழலவில்லை, அவை வண்டியோடு தொழுவத்தில் நின்று வைக்கோல் தின்றன. மூன்றாம் நாள், பதினோரு பேரில் மூத்தவளான செல்லத்தாய் பொறுமையிழந்து ஜீப்பை மறித்தாள்.

"ஏலே, மோதினவன் நீதான? இத எறக்கு, இல்லாட்டி என் மேல ஏத்திட்டுப் போ!"

சொன்ன ஆத்திரத்தில் குனிந்து பானட்டில் முட்டினாள். பெட்டி மெதுவாக நழுவி பானட்டில் இறங்கி உட்கார்ந்தது. செல்லத்தாய் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அன்று பொழுது சாய்வதற்குள் நாற்பது சுமைகள் ஜீப்பில் இறங்கின. அதிலிருந்து மந்திரமூர்த்திக்குத் தேரியும் இல்லை, மதுரைக்காரர்களும் இல்லை. விடிந்தால் இடிந்த கல்லுக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி, வருகிறவர் போகிறவர் சுமையை ஏற்க வேண்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு போனாலும் கனம் ஜீப்பிலேயே தங்கியது. பாரம் தாங்கும் கமான் பட்டைகள் நிமிர்ந்து தட்டையாயின, டயர்கள் ரோட்டுக்குள் இறங்கின. ஆனி பத்தாம் தேதிக்குப் பிறகு எஞ்சின் கிளம்பவே இல்லை. ஜில்லா போர்டு ஓவர்சீயர் வந்து சிமெண்டில் புது சுமைதாங்கி கட்டி, நீள அகலம் அளந்து, வேலை முடிந்தது என்று எழுதிக்கொண்டு போனார். அதில் யாருடைய சுமையும் இறங்கவில்லை. ஜீப்பின் பானட்டோ ரோட்டு மட்டத்துக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றது. அதுவும் உள்ளே போய்விட்டால் எதில் இறக்குவது என்று எல்லோருக்கும் பயம் வந்தது.

அத்தனை நாளும் அய்யாக்குட்டி மந்திரமூர்த்தியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மோர் மட்டும் கொடுத்தார். ஆனி கடைசியில் மந்திரமூர்த்தியே கடைக்குப் போய், என்னை அடித்தாவது தீருங்கள் அண்ணாச்சி என்று நின்றான்.

"உன்ன அடிச்சு என்னலே செய்ய? கல்லு போனாப் போவுது. அவ நிக்கா. இத்தன வருசமா அந்தக் கல்லுல கையூணி நின்னவ, இப்ப ஊண எடமில்லாம வயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கா. அவளால எறக்க முடியல, அதான் ஒருத்தராலயும் முடியல." மோர்ப்பானையை மூடிவைத்துவிட்டு, "ஆசுபத்திரிக்குன்னுதான கிளம்பினோம்," என்றார்.

"ஏறச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றான் மந்திரமூர்த்தி.

ஆடி முதல் தேதி விடியற்காலையில் கிளம்பினார்கள். அய்யாக்குட்டி, கர்ப்பிணிக்குக் கைகொடுக்கிற பதத்தில் வெறும் காற்றுக்குக் கைகொடுத்தார். முன் சீட் நாலு விரல் அமுங்கியது. இடுப்புக்கு அணைவாகத் துண்டை மடித்துவைத்தார். இருபது நாளுக்கு மேலாகக் கிளம்பாத எஞ்சின் கிளம்பியது, டயர்கள் ரோட்டைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. ஆனால் ஜீப் நடை வேகத்துக்கு மேல் போகவில்லை, மந்திரமூர்த்தியும் மிதிக்கவில்லை. முன்னால் செல்லத்தாயும் மற்றப் பெண்களும் அன்றைய புதுச் சுமையோடு நடந்தார்கள், பின்னால் நுகம் கழலாத வண்டிகள் வந்தன. ஆற்றுப்பாலம் வரை ஒரு கிழட்டுக் காளை பூட்டிய உப்புவண்டிக்குப் பின்னாலேயே போனான், ஹாரனில் கைவைக்கவில்லை. எதிரே வந்த பெரிய அதிகாரியின் காரை அதன் டிரைவர் தானாக மணலில் இறக்கி நிறுத்தினான். ஏன் நிறுத்தினாய் என்று அதிகாரி கேட்டதற்கு, முன் சீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள் ஐயா என்றானாம். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி வந்தது. நர்ஸ் கிருபாபாய் முப்பது வருஷம் பிரசவம் பார்த்தவள். ஜீப்பின் அமுங்கலையும் அய்யாக்குட்டியின் முகத்தையும் பார்த்துவிட்டு, "எத்தனாவது மாசம்?" என்று மட்டும் கேட்டாள். பத்து மாசமும் இருபத்துமூன்று வருஷமும் என்றார் அவர். ஏழாம் நம்பர் கட்டிலில் விரிப்பு மாற்றி, திரையை இழுத்துவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே ஜீப்பின் நான்கு கமான்களும் பெருமூச்சு மாதிரி சத்தமிட்டு எழுந்தன. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பெண்களின் பெட்டிகளும், பதினெட்டு மைலுக்கு அப்பால் கொம்மட்டிவிளையில் அன்று இறக்க ஜீப் இல்லாமல் நின்றவர்களின் பெட்டிகளும் ஒரே நேரத்தில் தலையை விட்டு வந்தன. கிருபாபாய் மடித்த வெள்ளைத்துணியைக் கொண்டுவந்து அய்யாக்குட்டியின் கையில் வைத்தாள். துணிக்குள் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் கை தாழ்ந்தது.

"பொம்பளப்பிள்ள. தலைய ஏந்திப் பிடிங்க. தாய் அசந்து தூங்குதா, எழுப்பாதீங்க," என்றாள் கிருபாபாய்.

ரிஜிஸ்தரில் எடை ஏழு ராத்தல் என்று எழுதினாள், நிறம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள். அய்யாக்குட்டி திரைப்பக்கம் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு திரை விலகியபோது விரிப்பில் ஒரு மடிப்பும் இல்லை. அவர் வாய்விட்டு அழுதது அன்று ஒரு தடவைதான்.

பிள்ளைக்குச் சண்முகவடிவு என்று பெயர் வைத்தார். ரேஷன் கார்டில் ஒரு ஆள் கூட்டி எழுதிக்கொடுத்தார்கள், கூடுதல் சர்க்கரையைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை. சிமெண்ட் சுமைதாங்கி அதற்குப் பிறகு எல்லாச் சுமையையும் ஒழுங்காக ஏற்றுக்கொண்டது. 1948இல் தேரிக்கு இன்னும் இரண்டு ஜீப்புகள் வந்தன. ரோட்டில் எப்படிப் போக வேண்டும் என்று அந்த டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மந்திரமூர்த்தி. சண்முகவடிவு மற்றப் பிள்ளைகளைப் போலவே மாதாமாதம் கனத்தாள். பல் முளைக்கிற காலத்தில் அய்யாக்குட்டியின் தோள்பட்டையில் சின்னதாகக் கடித்த தடம் இருக்கும். மந்திரமூர்த்தி அவரை ஏற்றிக்கொண்டால், பக்கத்தில் இருக்கிற மதுரைக்காரர்கள் தாங்களாகவே முழங்காலை ஒடுக்கி இடம்விடுவார்கள்.

1949 சித்திரையில் ஒரு மத்தியானம், அய்யாக்குட்டி கடைச்சாமான் வாங்கிக்கொண்டு திருச்செந்தூரிலிருந்து நடந்து வந்தார். பையை வலது கையில் பிடித்திருந்தார், இடது இடுப்பு ஒருபுறமாகச் சாய்ந்திருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், நல்ல வெயில். மந்திரமூர்த்தி ஜீப்பை நிறுத்தி இறங்கிவந்து கையை நீட்டினான்.

"பிள்ளைய எங்கிட்ட குடுங்க அண்ணாச்சி. கனக்கலையா?"

"கனக்கத்தான் செய்யுது," என்றார் அய்யாக்குட்டி. பையை அவனிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.