பொதுமக்கள் ஒருவர்

புறப்படவிருந்த படைக்குக் கடைசிப் பயிற்சி திருப்பூரில் சிவநேசன் குடியிருந்த தெருவில் நடந்தது. மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டதால் அவன் பொதுமக்களாக நியமிக்கப்பட்டான்.

சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். ‘பொதுமக்கள்’ என்று எழுதியிருந்தது. வெடிச்சத்தம் கேட்டால் ஓட வேண்டும். வீட்டைச் சோதனையிட வந்தால் வழிவிட வேண்டும். டீ வந்தால் குடிக்க வேண்டும். அவன் கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன். கோடை விடுமுறை. தை மாதத்திலிருந்து வீட்டில் வேறு யாரும் இல்லை. யாரோ ஏதோ செய்யச் சொன்னதே பெரிய உதவியாக இருந்தது.

முதல் நாள் தெரு போதவில்லை. ஒரு கம்பெனி சிப்பாய்கள் நடைபோடப் பதினொரு கிலோமீட்டர் வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையில் தெரு பதினொரு கிலோமீட்டர் இருந்தது. வீடுகள் அதே பதினாறுதான். பால் வாங்கி வர அரை நாள் ஆயிற்று.

எதிர்வீட்டு நாச்சிமுத்து மட்டும் ஊருக்குப் போகவில்லை. அவர் மணல்மூட்டை ஆகியிருந்தார்.

“கஷ்டமா இல்லைங்களா?” என்று கேட்டான் சிவநேசன்.

“முதுகுவலிக்கு நல்லாத்தான் இருக்குது தம்பி. மேல இருக்கற மூட்டைதான் பாரம்.”

“எடுக்கச் சொல்லட்டுங்களா?”

“சத்தம் போடாத. அது எங்க சம்பந்தி.”

மூன்றாம் நாள் சுடும் பயிற்சி. வெற்றுத் தோட்டாக்கள்தான். யார் செத்தார்கள் என்பதை நடுவர் முடிவுசெய்தார். அவர் சுபேதார் ஏகாம்பரம், வேலூர்ப் பக்கத்துக்காரர். அவர் விரலை நீட்டி “நீ செத்துட்டப்பா” என்றால் அந்தச் சிப்பாய் படுத்துவிட வேண்டும். தோளில் சிவப்பு நாடா கட்டுவார்கள்.

சிவநேசனின் வாசலில் ஒரு சிப்பாய் செத்துக் கிடந்தான்.

“அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம் நில்லுங்க. மூஞ்சில வெயிலடிக்குது.”

சிவநேசன் நகர்ந்து நிழல் கொடுத்தான். “நீங்க பேசலாமா?”

“நானா ஆரம்பிக்கக் கூடாது.”

“நீங்கதானே ஆரம்பிச்சீங்க.”

“புதுசா செத்திருக்கேன்ணா. இன்னும் பழகல.”

நான்கு மணிக்கு விசில் ஊதினார்கள். செத்தவர்கள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, டீ வரிசையில் நின்றார்கள். கடைசி ஆள் எழும்வரை சிவநேசன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நடுவரின் கூடாரத்துக்கு நடந்தான். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

“என் சம்சாரத்தையும் விசிலுக்கு எந்திரிக்கறவங்க பட்டியல்ல சேர்க்கணுங்க.”

நடுவர் பதிவேட்டைத் திறந்தார். “பேரு?”

“சுகந்தி.”

“எப்போ?”

“தை மாசம். மூணு நாள் காய்ச்சல். நான் மருந்து வாங்க வரிசைல நின்னுட்டிருந்தேன், அதுக்குள்ள…”

“அத கேக்கல சார். எந்தக் கம்பெனி?”

“பனியன் கம்பெனிங்க.”

திருப்பூரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. அவள் அங்கே செக்கிங்கில் இருந்தாள். ஒரு நாளைக்கு எண்ணூறு பனியன்களைப் புரட்டிப் புரட்டி ஓட்டை தேடுவாள்.

“பி கம்பெனி,” என்று சொல்லியபடியே நடுவர் எழுதினார். “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்? தைலேர்ந்து பி கம்பெனில ஒரு ஆள் கொறையுது. தலைய எண்ணி எண்ணி எனக்குத் தலையே போச்சு.”

சிவநேசனுக்குத் தவறு புரிந்தது. பிறர் எழுதியதில் தவறு கண்டுபிடிப்பதுதான் அவன் பிழைப்பு. சட்டைப்பையில் சிவப்புப் பேனாகூட இருந்தது.

“பி கம்பெனி நாளைக்கு அஞ்சு மணிக்குக் கெளம்புது. தெரியுமில்ல?” என்றார் நடுவர்.

“எங்கங்க?”

“சொல்லக் கூடாது.”

“திரும்பி வருங்களா?”

“அது வேற டிபார்ட்மென்ட்டு. நாலுக்கு விசில், அஞ்சுக்கு வண்டி. வேணான்னா பேர அடிச்சுடறேன். அவங்க கெடக்கற எடத்துலயே கெடக்கட்டும். இன்னா சொல்றீங்க?”

ஒரு மணி நேரம். தை மாதத்தில் அவனுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

“நீங்க எழுதினது சரிதானுங்க,” என்றான்.

மறுநாள் நான்கு மணிக்கு விசில் ஊதியது. இருபத்து மூன்று பேர் எழுந்தார்கள். இருபத்து மூன்றாவது ஆள் சுகந்தி. தோளில் சிவப்பு நாடா. மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் மாட்டிய பிளாஸ்டிக் பட்டை. சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அவனைப் பார்த்தாள்.

“ஏனுங் மாமா, இப்படி எளைச்சுட்டீங்க?”

“நல்லாத்தான் இருக்கறேன்.”

“அதென்ன அட்டை? பொதுமக்களா? கல்யாண வீட்டுல பந்தில பக்கத்து எலைக்காரங்ககூடப் பேச மாட்டீங்க. நீங்க பொதுமக்களா?”

“வேற ஆள் கெடைக்கல புள்ள.”

டீ வரிசையில் நின்றார்கள். டீயில் சர்க்கரை அதிகம். அவள் இரண்டு டம்ளர் குடித்தாள்.

“சிலிண்டர் பதிஞ்சீங்களா?”

“ஓடிபி நம்பர் உன் போனுக்கில்ல வருது.”

“வந்துச்சு. ஏழு ரெண்டு ரெண்டு நாலு. எழுதி வெய்ங்க.”

எழுதிக்கொண்டான்.

“அன்னைக்கு மருந்து கெடைச்சுதுங்களா?” என்று கேட்டாள்.

“கெடைச்சுது. எடுத்துட்டு ஓடி வந்தேன். அதுக்குள்ள…”

“வரிசை பெருசுன்னு நர்ஸக்கா சொன்னாங்க. நீங்க வரிசைல நிக்கறீங்கன்னு நெனைச்சுட்டேதான் கெடந்தேன். தனியா இருக்கற மாதிரி இல்லைங் மாமா.”

அவன் அவளுடைய டம்ளரை வாங்கினான். குழாயடியில் வெகுநேரம் கழுவினான். உலகத்தில் உள்ள எல்லா வரிசைகளுக்கும் அவன் நன்றியுடையவனாக இருந்தான்.

படையினரின் ஸ்டோரில் ஏழாம் நம்பர் பூட்ஸ்தான் இருந்தது. அவள் காலுக்கு நான்காம் நம்பர்தான் சரி. அவன் மண்டியிட்டு, முன்பக்கத்தில் பனியன் வேஸ்ட் துணியைத் திணித்து, கயிற்றைக் கட்டினான். ஒரு காலுக்கு இரண்டு முடிச்சு.

“இறுக்கமா இருக்குதா?”

“சரியா இருக்குது.”

ஐந்து மணிக்கு பி கம்பெனி லாரியில் ஏறியது. தலைகளை எண்ணிய நடுவர் முதல்முறையாகச் சிரித்தார். கணக்கு சரியாக வந்திருந்தது. ஆனால் லாரி கிளம்பவில்லை. இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

நடுவர் ஆணையைப் புரட்டினார். “வண்டி நின்னா பொதுமக்கள் தள்ளணும்.”

“நான் ஒருத்தன்தானுங்க இருக்கறேன்.”

“பொதுமக்கள் ஒருவர்னுதான் சார் போட்டிருக்குது.”

சிவநேசன் லாரியின் பின்கதவுக்குத் தோள் கொடுத்தான். அவள் மேலே இருந்து எட்டிப் பார்த்தாள்.

“மெல்லங் மாமா. இடுப்புப் புடிச்சுக்கும்.”

“ஒண்ணும் ஆகாது. நீ கெட்டியாப் புடிச்சுக்க.”

முதல் தடவை லாரி அசையவில்லை. இரண்டாம் தடவை சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியது; லாரி மறுபடி அவன் மேலேயே சாய்ந்தது. அந்தப் பாரத்தில் அவளுடைய பாரமும் இருந்தது. ஐம்பத்தோரு கிலோ. அவனால் அதைத் தனியாக உணர முடிந்தது. கொஞ்ச நேரம் தள்ளாமல், லாரியைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மூன்றாம் தடவை முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

லாரி கையைவிட்டுப் போனது. நீட்டிய கைகளோடு நாலு அடி ஓடி நின்றான்.

“நல்லாத் தள்னீங்க சார்,” என்றார் நடுவர்.

“நன்றிங்க,” என்றான் சிவநேசன்.