எட்டுக் கை காளிக்கு ஒரு சாட்சி

என் வீட்டுக்காரர் ராஜபாண்டிக்கு ஒரு யோசனை வந்தால் எனக்கு இரண்டு நாள் தையல் கெடும். இந்த ஆடியில் வந்த யோசனை, வாடிக்கையாளர்களைப் பேசவைத்து வீடியோ எடுத்துப் போடுவது.

யோசனையைக் குறை சொல்லவும் முடியவில்லை. மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறவர்களுக்கு உடுப்பு, கிரீடம், காளியின் கைகள் எல்லாம் செய்து வாடகைக்குக் கொடுக்கிறேன். இந்த வருசம் டவுனுக்குள் ஒரு புதுக் கடை வந்து, தினமும் ஜிகினா மின்ன வீடியோ போட்டது. போன ஆடியில் பதினெட்டு வேடம் பதிந்திருந்த என் நோட்டில் இந்தத் தடவை நாலுதான். இப்படியே போனால் மெஷினை மூடிவைத்துவிட்டு மறுபடி இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போக வேண்டும். எட்டு வருசம் ஐஸ் தண்ணீரில் கை வைத்தவள் நான். திரும்பிப் போக எனக்கு மனசே இல்லை.

"அவன் பெருமைய அவனே சொல்லுதான். ஒன் பெருமைய போட்டவங்க சொல்லட்டும்ளா" என்றார் இவர். ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

மூன்று நாளில் ஆறு பேர். ஆறு வீடியோவும் ஒன்றுக்கும் உதவாது. கரடி வேடம் போட்ட மகாராஜா என்கிறவரிடம் உடுப்பு எப்படி இருந்தது என்று கேட்டால், போனைப் பார்த்துக் கும்பிட்டு, "எல்லாம் முத்தாரம்மன் அருள்" என்றார். குரங்கு வேடக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தைத்தவள் பேச்சை ஒருத்தரும் எடுக்கவில்லை. வந்த ஆத்திரத்தில், வீடியோவையெல்லாம் கோயிலுக்கே அனுப்பிவிடுங்கள் என்று இவரிடம் கத்தினேன்.

ஏழாவது ஆள் ஆவுடையப்பன் அண்ணாச்சி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், பதினாலு வருசமாகக் காளி வேடம். காளிக்குக் கூடுதலாக வைக்கும் ஆறு கையையும் எல்லாரும் தோளில்தான் கட்டுவார்கள். நான் பாரம் இடுப்பில் இறங்குகிற மாதிரி அகலப் பட்டை வைத்து, தோளுக்கு இலவம்பஞ்சு மெத்தை தைத்தேன். போன வருசம் முதல் தடவையாக அண்ணாச்சிக்குத்தான் அப்படிச் செய்து கொடுத்தேன். நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்.

இவர் போனைத் தூக்கியதும் அண்ணாச்சி எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"கையெல்லாம் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"அம்மா சொமந்தா. நான் என்னத்தக் கண்டேன்."

என் பொறுமை போய்விட்டது. "அம்மாவ விடுங்க. ஒங்க தோள் எப்படி இருந்துச்சு?"

அவர் சம்சாரம் சண்முகத்தாய் மதினி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அவியளுக்கு என்ன தெரியும்? தேச்சவ நான்லா" என்றார். "வருசா வருசம் தசரா முடிஞ்சா தோள் ரெண்டும் கன்னிப்போயி வருவாவ. பத்து நாளு நான் தைலம் தேய்க்கணும். போன வருசம் வாங்கின பாட்டில் மூடிகூட தொறக்காம அங்கன இருக்கு."

சொன்னதோடு நிற்காமல் பாட்டிலை எடுத்துவந்தும் காட்டினார்.

அண்ணாச்சி பதறிப்போனார். "ஏளா, அம்மா அருளுன்னு சொல்லு."

"அருளு பதினாலு வருசமா இருக்கத்தான் செய்யுது. தோள் வலிக்காதது இந்தச் செல்வி கட்டிவிட்ட வருசம் மட்டும்தான்."

அண்ணாச்சியின் கை தானாகத் தோளுக்குப் போனது.

"இத்தன வருசம் வலிச்சத, நான் அம்மா சோதிக்கான்னுல்லா நெனச்சேன்" என்றார்.

வெட்டாமல் கொள்ளாமல் அதை அப்படியே போட்டோம். அன்று சாயங்காலமே போன் அடிக்க ஆரம்பித்தது. கயத்தாறிலிருந்துகூட ஒரு அழைப்பு. ஆடி முடிவதற்குள் நோட்டில் பதினெட்டைத் தாண்டிவிட்டது. கூப்பிட்டவர்களில் வேடம் போடுகிறவர் ஒருத்தர்கூட இல்லை. எல்லாரும் தைலம் தேய்க்கிறவர்கள்.