இத்தாலிக் காப்பி

ஞாயிற்றுக்கிழமை காலை, தலைநகர் கிஷினாவின் பேருந்து நிலையத்தில், இத்தாலியிலிருந்து வந்த வேன்கள் அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தன. மல்தோவாவில் பாதிப் பிள்ளைகளுக்கு, அங்கே வேலைக்குப் போன அம்மா இப்படித்தான் பெட்டியாக வந்து சேர்கிறாள். ரோடிகா தன் பெட்டியையும் அந்தக் குவியலோடு ஒட்டி வைத்துவிட்டு, தன் ஊருக்குப் போகும் பஸ்ஸின் புது டிரைவரைக் கூப்பிட்டாள்; அவனுக்கு அவளைத் தெரியாது. அந்தப் பெட்டி இத்தாலியைப் பார்த்ததேயில்லை. உள்ளே இருந்த இத்தாலியக் காப்பித்தூளும் சோப்பும் அடுத்த தெருக் கடையில் வாங்கியவை.

அவளும்தான் இத்தாலியைப் பார்த்ததில்லை. அங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று கூட்டிப்போனவன், வேறொரு நாட்டில் ஒரு வீட்டுக்கு அவளை விற்றுவிட்டான். போலீஸ் கதவை உடைத்து மீட்டது. அரசாங்கம் நாட்டுக்குக் கொண்டுவந்து, கிஷினாவில் ஒரு காப்பகத்தில் கட்டில் கொடுத்தது, வக்கீல் கொடுத்தது. மூடிய அறையில் சாட்சி சொன்னாள்; பெயர் வெளியே வரவில்லை. எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஆனால் ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிற பயத்துக்கு எந்த அரசாங்கம் என்ன செய்யும்? இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் அம்மாவுக்கு அவள் இன்னும் இத்தாலியில்தான் இருந்தாள்.

வெறுங்கையோடு திரும்பியவளைக் காப்பக ஊழியை தமாரா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கேஸும் முடிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போயேன்டி. இன்னும் எத்தனை பெட்டிதான் அனுப்புவே?"

"அம்மா சேத்துக்கலைன்னா, அக்கா?"

தமாரா அவளை உள்ளே கூட்டிப்போய் சூப் ஊற்றினாள்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"பெட்டி வந்துச்சுடி. பிரிக்கிறப்போ உங்க சினாயிதா அத்தையும் கூட இருந்தா."

"காப்பி நல்லாருக்காம்மா?"

"நல்லாருக்கு." அம்மா குரலைத் தணித்துக்கொண்டாள். "பாக்கெட் அடியில கடைச்சீட்டு ஒட்டியிருந்துச்சு. கிஷினாவ் கடை. நம்ம காசுல விலை. சினாயிதா பாக்கறதுக்குள்ள நகத்தால சுரண்டிட்டேன்."

மகளைக் காப்பாற்றச் சுரண்டினாளா, மானத்தைக் காப்பாற்றவா? கேட்க ரோடிகாவுக்குத் தைரியம் வரவில்லை. தன்னை இவ்வளவு தனியாக அவள், விற்கப்பட்ட அந்த வீட்டில்கூட உணர்ந்ததில்லை.

"மத்தியானத்திலேருந்து இங்க அடைமழை," என்றாள் அம்மா. "அங்க எப்படி?"

எப்போதும் தயாராக ஒரு பதில் இருக்கும்: இங்கே நல்ல வெயில், அம்மா. ரோடிகா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். காப்பக முற்றத்தில் தகரக் கூரை அதிர மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கயும் மழைதாம்மா," என்று சொல்லிவிட்டு, போனை வெளியே நீட்டிப் பிடித்தாள். சட்டைக் கை நனைந்தது. மறுமுனையில் அம்மா போனை வைக்கவில்லை.