இடது கைக்கு ஒரு கத்தி

அந்தக் கிடங்கில் பழைய துணிகள் பொதி பொதியாக வந்து இறங்கும். ஒவ்வொரு பொதியையும் நாலு பிளாஸ்டிக் பட்டைகள் இறுக்கிப் பிடித்திருக்கும். எடைக்காரர் பொதியை எடை போட்டுத் தள்ளிவிட, அடுத்த மேடையில் நிற்கும் பெண் பட்டைகளை அறுத்துத் துணிகளை ஓடும் பெல்ட்டில் கொட்டுவார். கண் மூடித் திறப்பதற்குள் நாலு பட்டையும் அறுந்து விழும். அதனால் அவருக்கு மின்னலக்கா என்று பெயர்.

ஆறு வருடமாக இருவரும் பத்தடி தூரத்தில்தான் வேலை பார்த்தார்கள். பேச்சு மட்டும் வளரவில்லை. அந்த இயந்திரச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினால்தான் ‘சாப்பிட்டாச்சா’ என்றுகூடக் கேட்க முடியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பொதியிலிருந்து பட்டை ஒன்று அறுபடாமலே நழுவித் தரையில் விழுந்தது. அதன் ஒரு பக்கம் பெல்ட்டின் உருளையில் மாட்டிக்கொண்டது. அதைக் கவனிக்காமல் எடைக்காரர் காலை வைத்தார். பட்டை கணுக்காலுக்கு மேலே சுருக்குப் போட்டது. மனிதர் மல்லாக்க விழுந்து, உருளையை நோக்கிச் சரசரவென்று இழுபட்டார். பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தது. யாரோ அதை நோக்கி ஓடினார்கள்.

மின்னலக்கா பொத்தானை நோக்கி ஓடவில்லை. நேராக அவர் கால்மேல் பாய்ந்தார். ரம்பத் தகட்டைத் தேய்த்துக் கூராக்கி, டேப் சுற்றி, இடுப்பில் செருகியிருந்த கத்தியை உருவினார். பட்டைக்கும் காலுக்கும் நடுவே நுழைத்து ஒரே இழுப்பு. பட்டை அறுந்தது. கத்தியும் இரண்டாக ஒடிந்தது. பூட்ஸுக்கும் உருளைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

எடைக்காரருக்குக் காலில் ஏழு தையல். இரண்டு வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பியபோது, மின்னலக்கா ஸ்டோரில் கொடுத்த மெல்லிய கட்டரை வைத்துப் பட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அரை மணிக்கு ஒரு தரம் அதன் பிளேடு ஒடிந்தது. எடைக்காரர் பக்கத்தில் போய் நன்றி சொல்ல வாயெடுத்தால், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பொதிக்குப் போய்விட்டார்.

"அவங்களுக்கு ஒரு நல்ல கத்தி வாங்கித் தரணும்" என்றார் எடைக்காரர் வீட்டில். "மடக்குற கத்தி வேணாம். உருவுன உடனே வேலை செய்யணும்."

அவர் மனைவி தையல்காரி. மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "நானும் வரேன்" என்றாள்.

சைக்கிள் கடைகளுக்குப் பின்னால் இருந்தது கத்திக்காரரின் பட்டறை. தேய்க்கும் இயந்திரம், தண்ணீர்த் தொட்டி, மேசை நிறையத் தோல் துண்டுகள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த அந்த மனிதர், விடாமல் அடித்துக்கொண்டிருந்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இவர்கள் கதையை முழுசாகக் கேட்டார்.

எடைக்காரரின் கண் அதற்குள் சுவரில் இருந்த ஒரு கத்தியில் ஒட்டிக்கொண்டது. அலகு முழுக்க அலையலையாகக் கோடுகள், கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு மரப்பிடி.

"அதைக் குடுங்க. என் காலைக் காப்பாத்துனவங்களுக்கு அதைவிடக் குறைஞ்சதா குடுக்கக் கூடாது."

"தரலாம். அவங்களுக்கு எந்தக் கை பழக்கம்?"

எடைக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"கையுறை போடுவாங்களா? கத்தியை எந்தப் பக்கம் சொருகுவாங்க? வேலை குனிஞ்சா, நிமிர்ந்தா?"

"அது... நான் எடை முள்ளைத்தான் பாத்துட்டு இருப்பேன்."

"ஆறு வருஷமா?" என்றாள் மனைவி. "ஒரு சட்டை தைக்கவே உங்களை நிக்க வச்சு, திருப்பி வச்சு அளவெடுக்குறேன். இந்தக் கத்தி உங்க பெருமைக்கா, அவங்க கைக்கா?"

கத்திக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாத்துட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிற மாட்டேன்" என்றார்.

மறுநாளிலிருந்து எடைக்காரர் பார்க்க ஆரம்பித்தார். மின்னலக்காவுக்கு இடது கைப் பழக்கம். அந்தக் கைக்கு மட்டும்தான் கையுறை. நாள் முழுக்கக் குனிந்து குனிந்து எழுகிறார். கத்தியை நேராகச் செருகினால் வயிற்றில் முட்டும். துணிகளில் பாதி ஈரம். இதையெல்லாம் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில் மின்னலக்காவே எதிரே வந்து நின்றார்.

"சூப்பர்வைசர்கிட்ட சொல்றதா இருந்தா சொல்லிடு தம்பி. இப்படி என் கையையே பாத்துட்டு நிக்காத. எனக்கு வேலையே ஓடல."

எதைச் சொல்வது என்று எடைக்காரர் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று முழுக்க அந்தக் கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு பொம்பளையை மூணு நாளா முறைச்சுப் பாத்தா, வேற என்ன நினைப்பாங்க? பாத்தது போதும். அவங்க தூக்கிப் போட்ட பழைய கையுறை ஏதாவது குப்பைத் தொட்டியில கிடக்கும். அதை எடுத்துட்டு வாங்க."

கிடைத்தது. கத்திக்காரர் அந்தக் கையுறையை விளக்கடியில் விரித்து வைத்து, ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார். மனைவியும் எட்டிப் பார்த்தாள். கட்டைவிரலும் நடுவிரலும் இருக்கும் இடம் தேய்ந்து நூலாகியிருந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் புதுசு போல இருந்தது.

"இந்த விரல் மடங்குறதில்ல போல" என்றாள் மனைவி.

"அதேதான்" என்றார் கத்திக்காரர். "பிடியை நடுவிரலுக்குப் பள்ளம் வச்சு செதுக்குறேன். ஆள்காட்டி விரல் நீட்டியபடியே அலகோட முதுகுல உக்காரட்டும். அலகு மூணு விரல் அகலத்துக்கு மேல நீளம் வேணாம். துருப்பிடிக்காத எஃகு. தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்க அவங்களுக்கு நேரம் ஏது? உறை இடுப்புல படுத்த மாதிரி இருக்கும், குனிஞ்சா குத்தாது. தலைகீழாப் பிடிச்சு உதறினாலும் கத்தி கீழ விழாது."

"அந்த அலையலையா இருக்குமே..." என்று இழுத்தார் எடைக்காரர்.

மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அவர் அதோடு விட்டுவிட்டார்.

"முனை எப்படி வேணும்?" என்று கேட்டார் கத்திக்காரர்.

எடைக்காரர் காலைப் பார்த்துக்கொண்டார். "மொட்டையா இருக்கட்டும். ஆளுங்க பக்கத்துலயே வச்சு அறுக்குற வேலை."

இரண்டு வாரத்தில் கத்தி தயாரானது. சாம்பல் நிற அலகு, சொரசொரப்பான பிடி, கனத்த தோலுறை. பார்வைக்குச் சாதாரணம்தான். ஆனால் எடைக்காரர் தன் வலது கையில் பிடித்துப் பார்த்தபோது, கத்தி எப்படியும் உட்காராமல் நழுவியது. அதில் அவருக்கு ஏனோ பெரிய சந்தோஷம்.

சாப்பாட்டு நேரத்தில், கிடங்கின் பின்வாசல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த மின்னலக்காவிடம் பொட்டலத்தை நீட்டினார். "உங்களுக்குத்தான்க்கா. அன்னைக்கு ஒடிஞ்சதுக்குப் பதிலா."

மின்னலக்கா காகிதத்தைப் பிரித்தார். உறையிலிருந்து உருவினார். முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு விரல் அந்த மழுங்கிய முனைக்குப் போனதும் அப்படியே வாடிவிட்டது.

"முனையை எடுக்கச் சொன்னியா? நான் உன் காலைக் குத்திக் கிழிச்சதுனாலயா?"

"நீங்க எங்கக்கா குத்துனீங்க?"

"ஏழு தையல்னு சொன்னாங்களே. பட்டை அறுந்த வேகத்துல என் கத்திதான் உன் காலுக்குள்ள போச்சு. உன்னைப் பாக்கணும்னு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள உன் வீட்டுக்காரி அழுதுட்டு இருந்தா. எந்த முகத்தை வச்சுட்டு உள்ள வர்றது? திரும்பிட்டேன். நீயும் வந்ததுலருந்து என் கையையே பாத்துட்டு இருந்த. நீ புகார் குடுக்கப் போறன்னு நினைச்சேன்."

எடைக்காரருக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. வேலைக்குத் திரும்பியதிலிருந்து இவர் நன்றி சொல்லப் பின்னால் அலைய, அவர் திட்டு விழும் என்று பயந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்.

எடைக்காரர் தன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, காலைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"நல்லாப் பாருங்கக்கா. கால் இருக்கப் போய்த்தான் தையல் போட்டாங்க. இல்லேன்னா எதுல போட்டிருப்பாங்க?"

மின்னலக்கா அந்தத் தழும்பைப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிரம்பி வழிந்தது. கையுறையின் பின்பக்கத்தால் துடைத்துக்கொண்டார்.

"இனிமே அவசரத்துல அறுக்கும்போது உங்க கை தயங்கக் கூடாது. அதுக்குத்தான் இந்த முனை" என்றார் எடைக்காரர்.

மின்னலக்கா கீழே கிடந்த பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, அலகை வைத்து லேசாக இழுத்தார். வெண்ணெயில் போவது போலப் போனது. இன்னொன்று எடுத்தார். அப்புறம் இன்னொன்று. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த விரல் மடங்காதுன்னு உனக்கு யார் சொன்னது?"

"உங்க கையுறை."

"பஸ் கதவுல நசுங்குனது, ஒன்பது வயசுல. இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல" என்றார் மின்னலக்கா. பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடியில் பாதியைப் போட்டு அவர் பக்கம் தள்ளினார். "சாப்பிடு. அப்புறம் அந்தக் கதையைச் சொல்றேன்."

அன்று மாலை, சொல்லாமல் கொள்ளாமல் எடைக்காரரின் மனைவி கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டாள். என்னென்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருப்பாள் போல. ஆனால் மின்னலக்கா வெளியே வந்ததும் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"விடும்மா, என் பஸ் போயிடும்" என்றார் மின்னலக்கா. ஆனால் கையை அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

பஸ் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் வேறு பஸ் கிடைக்கும் என்று மூவரும் நடந்தார்கள். பெண்கள் இருவரும் பேசியபடி முன்னால் போனார்கள். கொஞ்ச தூரம் போனதும், எடைக்காரர் காலை மெல்ல எடுத்து வைத்து வருவதைத் திரும்பிப் பார்த்து, அவர் வந்து சேரட்டும் என்று நின்றார்கள்.