வேறு பெயரில் தேடினோம்

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத் தொடங்கியது. செம்பூரில் நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம், குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்டும் செயலி ஒன்றை நடத்துகிறது. முதலாளி மகாதேவன் பயனர்களுக்குப் பொதுவாக ஒரு கடிதம் கேட்டார். எனக்குக் கதை வந்தது. இலக்கிய ஆர்வம் உள்ளவனை வேலைக்கு வைத்தால் இப்படித்தான்.

2

முதல் தொடக்கம்: "திலக் நகரில் மழை பெய்துகொண்டிருந்தது. ருக்சானாவின் பெரிய கண்களில்..."

(மழை பெய்யவில்லை. கண்களை நான் பார்க்கவே இல்லை. மணிக்கட்டில் இருந்த மாவுக்கட்டைத்தான் பார்த்தேன். பெயரும் நான் வைத்தது.)

இரண்டாம் தொடக்கம்: "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக..."

(இது மகாதேவனின் நடை.)

3

நடந்தது இதுதான். அடிக்கிற கணவனை விட்டுத் தாராவியிலிருந்து வெளியேறிய ருக்சானா, திலக் நகரில் தோழி சபுரா வீட்டில் தங்கினாள். குடும்பக் குழுவில் கணவனும் இருந்ததால், செயலியில் 'என் இடத்தைக் காட்டு' என்பதற்கு 'வேண்டாம்' என்று வைத்தாள். செயலியையே நீக்கியிருக்கலாம். ஆனால் ஆண்டாப் ஹில்லில் இருக்கும் அம்மாவுக்கு ஞாபக மறதி. அவர் எங்காவது போய்விட்டால் பார்க்க வேண்டும்.

அந்த 'வேண்டாம்' அவள் போனிலேயே ஒரு சின்னக் கோப்பில், அந்த அமைப்புக்கு நாங்கள் வைத்திருந்த ஒரு பெயருக்கு எதிரே பதிவாகியிருந்தது. புதிய பதிப்பில் அந்தப் பெயரை மாற்றினேன். பழையது அழகாக இல்லை. (யாருக்கு? எனக்கு.) செயலி புதிய பெயரைத் தேடியது, கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் எழுதி வைத்திருந்தோம்: 'காட்டு'. வரைபடத்தில் நிறையப் புள்ளிகள் தெரிந்தால் ஜோராக இருக்கும் என்பது மகாதேவனின் கருத்து. நான் தலையாட்டினேன்.

புதிய பதிப்பு அவள் போனுக்கு வந்த மூன்றாம் நாள், வரைபடத்தில் அவள் புள்ளியைப் பார்த்துவிட்டுக் கணவன் சபுராவின் கதவைத் தட்டினான். ருக்சானாவின் மணிக்கட்டு முறிந்த பிறகுதான் அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அவனைப் பிடித்துக் காவலரிடம் ஒப்படைத்தார்கள்.

4

அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"நான் வேண்டாம்னுதான போட்டிருந்தேன். அது எங்க போச்சு?"

"எங்கயும் போகலை. உங்க போன்லயேதான் இருக்கு. நாங்க வேற பேர்ல தேடிட்டோம்" என்றேன்.

"கெடைக்கலன்னா எங்கிட்டல்லா கேக்கணும். நீங்களா எப்படி முடிவு பண்ணுனீய?"

மகாதேவன் குறுக்கே வந்தார். "மேடம், அது சர்வர் சைட்ல ஒரு சின்ன இஷ்யூ..."

"நான் இவுகட்ட கேக்கேன்" என்றாள்.

பிறகு, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். வழக்குக்கு வேண்டுமாம். அவள் போனதும் மகாதேவன், "எதையும் எழுதிக் குடுத்துடாதே" என்றார்.

(அன்றே பிழையைத் திருத்தினேன். இப்போது கிடைக்காவிட்டால் செயலி கேட்கும், அதுவரை காட்டாது. ஒரே வரிதான்.)

5

கதாசிரியனாக எனக்குப் பிடித்த முடிவு: வேலையை உதறிவிட்டு, தலை நிமிர்ந்து மாட்டுங்கா வரை நடந்தே...

(உதறவில்லை. மறுநாள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.)

இன்னொன்று: அவள் மன்னித்தாள்.

(மன்னிக்கவில்லை.)

6

ஒரு வாரம் கழித்து, அவள் கேட்ட கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். வாசித்துக் காட்டினேன். 'அமைப்புகளைப் படிப்பதில் தவறு நடந்துவிட்டது' என்ற வரியில் நிறுத்தினாள்.

"தானா நடந்துச்சா? யாரு பண்ணுனது?"

பேனாவை நீட்டினாள். அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

என்ன எழுதினேன் என்பதுதான் முடிவு. அது என்னிடம் இல்லை, அவளிடம் இருக்கிறது. படித்தே ஆக வேண்டும் என்பவர்கள் அவளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே இருக்கிறாள் என்று நான் சொல்லமாட்டேன்.