எலிக்கும் குதிரைக்கும்

மார்க்கம் நகரத்துச் சீன உணவகத்தில் இரண்டு சம்பந்திகளும் முதன்முறையாகச் சந்தித்தார்கள். பொருத்தம் பார்த்த கதையை மணப்பெண் மெய்லினின் தாய் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை மிதுனன் தன் அம்மா புனிதவதிக்குத் தமிழில் சொன்னான். சீனச் சோதிடத்தில், பிறந்த வருடப்படி அவன் உலோகக் குதிரை, மெய்லின் நெருப்பு எலி. எலிக்கும் குதிரைக்கும் ஏழாம் பொருத்தம். போதாததற்கு நெருப்பு உலோகத்தை உருக்கிவிடும் என்று சோதிடர் கையை விரித்துவிட்டாராம்.

"பிறகு?" என்றாள் புனிதவதி.

"பிள்ளையள் சந்தோசமா இருக்கினம், எலியாவது குதிரையாவது எண்டு எழும்பி வந்திட்டாவாம்."

அவ்வளவுதானா? புனிதவதி எடுத்த கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"அண்ணை ஏன் வரேல்லை எண்டும் கேக்கிறா, அம்மா."

மூத்தவன் துவாரகன் விட்பி நகரத்தில் தனியாக இருக்கிறான். நிலாணியைக் கட்டப்போகிறேன் என்று அவன் வந்து நின்ற அன்று, புனிதவதி முதலில் கேட்டது அவளுடைய குறிப்பைத்தான். செவ்வாய் தோஷம் என்றதும் ஒற்றைக்காலில் நின்று மறித்தாள். அதன்பிறகு அவன் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை.

"அவனுக்கு வேலையெண்டு சொல்லு" என்றாள்.

நிலாணியின் கட்டத்தில் ஏழாமிடத்துச் செவ்வாய் இன்றைக்கும் புனிதவதியின் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தப் பிள்ளையின் முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.