வியாழக்கிழமைக் குடம்

“அடுத்த வாரம் நீங்கள்லாம் அனுப்பின வாய்ஸ் மெசேஜைப் போடப்போறோம். அவாவா குரல்லயே கேக்கலாம்,” என்று குடத்துக்குள்ளிருந்து சுஷ்மா சொன்னபோது முத்துமாரியின் கால் பெடலிலிருந்து நழுவிவிட்டது. ஸ்கூல் பையின் வாரில் ஊசி பாதி இறங்கி நின்றது. பக்கத்து மிஷினில் இருந்த பார்வதியம்மாள், “கேட்டியாட்டி? இனி நம்மள மாதிரி ஆளுவளும் பேசலாம் போலுக்கு,” என்று சிரித்தாள். முத்துமாரியும் சிரித்துவைத்தாள். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பார்கள்.

குடம் என்பது தண்ணீர்க் குடம்தான். தாராவியில் ஒரு சந்துக்குள், இரும்பு ஏணி ஏறிப் போகிற மாடியில் இருந்தது அந்தப் பை தைக்கிற கார்கானா. எட்டு மிஷின்களும் ஒன்றாக ஓடினால் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. யாரோ ஒரு புண்ணியவதி அடியில் ஓட்டை விழுந்த எவர்சில்வர் குடத்துக்குள் போனை இறக்கிப் பார்த்தாள். பாட்டு கணீரென்று வந்தது. அன்றிலிருந்து குடத்துக்கு முறை வைத்துவிட்டார்கள். திங்கள் கீதா, செவ்வாய் முத்துமாரி, வியாழன் பார்வதியம்மாள் என்று ஆளுக்கொரு நாள். முறைக்காரி போடுவதுதான் அன்றைய பாட்டு. டீ வருகிறவரை வேறு யாரும் குடத்துக்குள் கை விடக்கூடாது. முன்பு ஒருத்தி எடுக்க இன்னொருத்தி போட, எட்டு மிஷினும் நின்று சண்டை முற்றி, முதலாளி சேட்டு குடத்தையே தெருவில் வீசப் போனார். அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை.

நாலு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, பார்வதியம்மாளின் போனில் பாட்டுகள் தீர்ந்துபோய், அது தன்பாட்டுக்கு இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிற எதற்கோ தாவியது. சுஷ்மா என்று ஒரு பெண், அனந்த் என்று ஒரு ஆள். மாட்டுங்காவில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பேசுகிறார்களாம். நிகழ்ச்சிக்குப் பேரே ‘லிஃப்ட் இல்லாத வீடு’. தபாலாபீசில் வேலை பார்க்கிற, ஆனால் தனக்கென்று ஒரு கடிதம்கூட வராத ஒருத்தியைப் பற்றிய நாவலைச் சொன்னார்கள். அதிலிருந்து, போனில் நாம் பேசுவதை யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்பதற்குப் போனார்கள். அங்கிருந்து மார்க்கெட்டில் முருங்கைக்காய் முற்றலாக விற்பதற்கு வந்தார்கள். “இது என்ன ரேடியோவா?” என்று பார்வதியம்மாள் கேட்க, கீதா, “பாட்காஸ்ட் ஆண்ட்டி. ரெண்டு பேரு சும்மா கப்பா அடிக்கிறது,” என்றாள். சும்மா பேசுவதைக் கேட்க ஆள் இருக்கிறதா என்று முதலில் எல்லாருக்கும் சிரிப்பு. மூன்றாவது வாரம், டீ வந்தபிறகும் யாரும் மிஷினை விட்டு எழவில்லை. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற கீதா, அந்தத் தபாலாபீஸ்காரிக்குக் கடைசியில் கடிதம் வந்ததா இல்லையா என்று ஒரு வாரம் அரித்துக்கொண்டிருந்தாள்.

முத்துமாரிக்கு அது வியாழக்கிழமையோடு நிற்கவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போது காதில் மாட்டிக்கொண்டாள். குடத்தில் எட்டுப் பேருக்குப் பேசிய சுஷ்மா காதுக்குள் அவளுக்கு மட்டும் பேசினாள். போன வாரம் ஒரு பொய்யை முப்பது வருஷம் சுமந்த ஒருவனைப் பற்றிய புத்தகத்தைச் சொல்லிவிட்டு, “இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாததை எங்ககிட்ட சொல்லுங்கோ,” என்று ஒரு நம்பரும் கொடுத்தாள். எங்ககிட்ட என்றால் அவர்களிடம் என்றுதானே அர்த்தம்? நந்தி காதில் சொல்வதுபோல முத்துமாரி சொல்லிவிட்டாள். நந்தி கேட்டதை நாலு பேருக்கு எடுத்துச் சொல்லுமா என்ன? ரயில்வே மேம்பாலத்தில், கீழே லோக்கல் வண்டிகள் போகப்போக, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நாலு நிமிஷம் பேசினாள். அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

அவள் சொன்னது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் கார்கானாவில் தீப்பிடித்தது. அன்று பையின் உள்துணிக்குக் கடைசியாக இஸ்திரி போட்டவள் அவள். மகனுக்குக் காய்ச்சல் அதிகமாகிவிட்டது என்று வீட்டிலிருந்து போன் வந்து அவசரமாகக் கிளம்பினாள். ஏணியில் கால் வைக்கும்போது இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தாள். தெரியாமல் விட்டிருந்தால்கூட மனசு ஆறும்; பார்த்தாள். பூதத்தான் அண்ணாச்சி இருக்கிறாரே, அமர்த்திவிடுவார் என்று இறங்கிவிட்டாள். பூதத்தான் பார்வதியம்மாளின் கணவர், அங்கே ரெக்ஸின் வெட்டுகிறவர், கதவைப் பூட்டுகிற பொறுப்பும் அவருடையது. அவர் ஏணிப்படியில் உட்கார்ந்து ஒரு பீடி குடித்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரத்தில் புகை வந்தது. ஓடிவந்து எரிகிற ரெக்ஸின் சுருளை வெறுங்கையால் இழுத்துப் போட்டவரும் அவர்தான். உருகிய ரெக்ஸின் உள்ளங்கை இரண்டிலும் ஒட்டிக்கொண்டது.

பீடி குடித்ததை நாலு பேர் பார்த்திருந்தார்கள். இஸ்திரிப் பெட்டியை யாரும் நினைக்கவில்லை. சேட்டு அவரை அனுப்பிவிட்டு, பீடி சிகரெட் கூடாதென்று இந்தியில் ஒரு போர்டு மாட்டினார். அதே மூலையில் புது இஸ்திரிப் பெட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. சந்தில் வேறு யாரும் பூதத்தானை வேலைக்குச் சேர்க்கவில்லை. இப்போது மும்பையைத் தாண்டி கல்யாண் என்கிற ஊரில் ஒரு கிடங்குக்குக் காவல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறார். ஆற்றில் குதிக்கலாமா என்று முத்துமாரிக்குத் தோன்றவைத்தது வேறொன்று. பீடியைச் சரியாக நசுக்கவில்லை என்று அவரே நம்பிவிட்டார்.

குடத்தில் அந்த அறிவிப்பு வந்த அன்று சாயங்காலம் முத்துமாரி நேராக ஷேக் பரீத்தின் மொபைல் கடைக்குப் போனாள். தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி தவறிப்போய் ஒரு வாய்ஸ் அனுப்பிவிட்டாள், திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டாள். அவர் போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “ஆறு நாள் ஆச்சேம்மா. ரெண்டு நாளைக்குள்ள வந்திருந்தா ரெண்டு பக்கமும் அழிச்சிருக்கலாம். இப்ப இங்க மட்டும்தான் அழியும். அங்க பக்காவா இருக்கும்,” என்றார். தூரத்துச் சொந்தக்காரியின் போனை இவள் ஏன் கொண்டுவந்தாள் என்று நல்லவேளையாக அவர் கேட்கவில்லை.

மேம்பாலத்துக்குப் போய் இன்னொரு வாய்ஸ் அனுப்பினாள். “யம்மா, எங் குரலு எங்க கார்கானால எல்லாத்துக்கும் தெரியும். கேட்டா நாந்தாம்னு தெரிஞ்சுரும். என்னைய காட்டிக் குடுத்துராதீங்கம்மா.” இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாட்டுங்காவுக்கு நடந்தாள். லிஃப்ட் இல்லாத கட்டடம் எதுவென்று ஒரு வாட்ச்மேனிடம் இந்தியில் கேட்டாள். அவன் கையைச் சுற்றிக் காட்டி, இந்தத் தெரு முழுக்க அப்படித்தான் என்றான். மூன்றாவது மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கழுத்து வலிக்க நடந்துவிட்டு, வெறும் பையோடு திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் எப்படியாவது சொல்லிவிடுவது என்று பார்வதியம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பார்வதியம்மாள் எப்போதும்போலத் தன் டப்பாவிலிருந்து பாதி எலுமிச்சம்பழச் சோற்றை இவள் டப்பா மூடியில் வைத்தாள்.

“மதினி, அண்ணாச்சி வந்தாவளா?”

“வந்தாவ. வாசல்லயே நின்னாவ. நான் அடுப்ப அமத்தி, சிலிண்டரையும் மூடுன பொறவுதான் உள்ள வாராவ. சாமி வெளக்குகூட ஏத்தவிட மாட்டேக்காவ, மாரி. ரெண்டு வருசமா எங்க வீட்டுல வெளக்கு இல்ல.”

முத்துமாரி வாயிலிருந்த சோற்றைத் தண்ணீர் குடித்து இறக்கினாள். சொல்ல வந்ததும் அதோடு இறங்கிப் போயிற்று. புதன்கிழமை மத்தியானம் அந்த டிக்குகள் நீலமாகின. பதில் வரவில்லை. நீலமாகாதபோது இருந்த பயத்தைவிட இது பெரிய பயமாக இருந்தது. கேட்டுவிட்டார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை லீவு போடலாமா என்று யோசித்தாள். போட்டால், தான் இல்லாதபோது குடம் பேசிவிடும். மறுநாள் ஏணி ஏறி ஏழு முகங்களுக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். போனாள். மத்தியானம் பார்வதியம்மாள் போனை எடுத்துவிட்டு, “அட, சார்ஜே இல்லட்டி,” என்றாள். முத்துமாரிக்குத் திருச்செந்தூர் முருகனே நேரில் வந்ததுபோல் இருந்தது. அதற்குள் இஸ்திரி மேஜையருகே நின்றிருந்த கீதா, “என்கிட்ட பவர் பேங்க் இருக்கு ஆண்ட்டி,” என்று நீட்டிவிட்டாள். போனும் பவர் பேங்கும் ஒரு நூலில் தொங்கியபடி குடத்துக்குள் இறங்கின. இனி டீ வருகிறவரை அந்தக் குடம் யார் சொல்லையும் கேட்காது.

முதலில் செம்பூரிலிருந்து ஒரு மாமா, மனைவியின் மாத்திரையைத் தான் விழுங்கிவிட்டு ஒரு வாரம் சொல்லாமல் இருந்ததைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது ஒரு காலேஜ் பெண். முத்துமாரி தையலைப் பார்க்காமல் தைத்துக்கொண்டிருந்தாள். வார் கோணிக்கொண்டு போயிற்று.

“அடுத்தது ஒரு அம்மா அனுப்பினது,” என்றாள் சுஷ்மா. “அவா கேட்டுண்டதால குரலை மாத்திருக்கோம். பேரு, வேலை, யாருன்னு தெரியற மாதிரி இருந்த எல்லாத்தையும் எடுத்துட்டோம். அங்கங்க ஒரு பீப் வரும், பொறுத்துக்கோங்கோ.”

பிறகு அந்தக் குரல் வந்தது. ஆணா பெண்ணா என்று தெரியாத, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற குரல். வார்த்தைகள் மட்டும் முத்துமாரியுடையவை. தான் மேம்பாலத்தில் விட்ட பெருமூச்சைக்கூட அது விட்டது. சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஏழு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கீதா துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்த தப்புக்கு வேறொருத்தர் பழி சுமக்கிறார், தான்தான் செய்தோம் என்று அவரே நம்பிவிட்டார் என்று அந்தத் தகரக் குரல் சொல்லச்சொல்ல, முத்துமாரிக்குப் புரிந்தது: தப்பித்துவிட்டாள். அவளுக்குள் இருந்ததை மேம்பாலம் கேட்டது, மாட்டுங்கா கேட்டது, இப்போது கார்கானாவே கேட்கிறது. ஆனாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னும் ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும்.

பார்வதியம்மாள் மிஷினை ஓட்டியபடியே இவள் பக்கம் சாய்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

“அந்த ஆளுக்க பொஞ்சாதி குடுத்து வச்சவ, மாரி,” என்றாள். “அவ மாப்ளை செய்யலல்லா? என்னைக்காவது ஒருநாள் தெரிஞ்சுரும். எங்க வீட்டுல அவிய செஞ்சிட்டுல்லா கெடக்காவ.”

முத்துமாரியின் மிஷின் நின்றது. அவள் நிறுத்தியதாக ஞாபகம் இல்லை. தப்பித்த நிம்மதி ஒரு நொடிகூட நிற்காமல் போய்விட்டது. அந்த இடத்தில் வந்த பயம் ஒரு வாரமாக அவள் பட்டதைப்போல இல்லை. இந்த ஒரு நிமிஷம் போய்விட்டால், இனி சாகும்வரை இந்த மனுஷியின் எலுமிச்சம்பழச் சோற்றைத் தின்றுகொண்டு வாயை மூடியிருப்பாள். தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“அன்னைக்கு எம் பிள்ளைக்குக் காய்ச்சலு,” என்றது குடம். “அவசரத்துல நான் அந்த...”

பீப் என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது.

“இஸ்திரிப் பெட்டிய,” என்றாள் முத்துமாரி.

“...அமத்தாம வந்துட்டேன்,” என்றது குடம்.

அடுத்த வரி அவளுக்குத் தெரியும். குடத்துக்கு முந்திக்கொண்டு அவள் வாய் அதைச் சொன்னது. “வெளக்கு எரிஞ்சத பாத்தேன் மதினி. பாத்துட்டுதான் எறங்குனேன்.” ஒரு மூச்சு கழித்து தகரக் குரலும் அதையே சொன்னது, மதினி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு.

பார்வதியம்மாளின் மிஷின் நின்றது. அடுத்தது நின்றது. ஒவ்வொன்றாக நின்று, குடத்தின் சத்தம் மட்டும் அறை முழுக்கப் பெரிதாகக் கேட்டது. யாரும் அதற்குள் கை விடவில்லை. பார்வதியம்மாள் முத்துமாரியைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி மூலையிலிருந்த இஸ்திரி மேஜையைப் பார்த்தாள். துணியைக் கையில் பிடித்தபடி கீதா திகைத்து நின்றாள். அவள் பக்கத்தில் பெட்டி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.